வாடகை வீட்டின் வயரிங்: முற்பணத்துக்கு முன் கேட்கவேண்டியது

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் பழைய கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கவிருக்கிறோம். உரிமையாளர் லண்டனில் வசிக்கிறார். கிணற்று மோட்டரைப் போட்டால் ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டிருந்ததாகவும், எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து சரிசெய்துவிட்டதாகவும் தரகர் சொல்கிறார். இதை நம்பி முற்பணம் கொடுக்கலாமா?

பதில்: என்ன சரிசெய்யப்பட்டது என்று அறியும்வரை கொடுக்க வேண்டாம். ட்ரிப் சுவிச் விழுவது பெரும்பாலும் அதன் பழுதன்று. மோட்டரின் சுருளிலோ கிணற்றடிக்குப் போகும் வயரிலோ ஈரம் புகுந்து மின்சாரம் கசிவதன் அறிகுறி அது. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லிஅம்பியர் சுவிச், அவ்வளவு கசிந்தால் 0.3 செக்கனுக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இந்தத் தொந்தரவைப் பொறுக்காமல், சுவிச்சைத் தவிர்த்து மோட்டருக்கு நேரே வயர் கொடுத்துவிடுவோரும் உண்டு. மோட்டர் ஓடும், சுவிச்சும் விழாது. ஆனால் ஈரக்காலுடன் கிணற்றடியில் நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமற்போகும். தரகர் சொல்லும் ‘சரிசெய்தல்’ இதுவாக இருக்குமோ என்பதே என் ஐயம்.

வீடு பார்க்கச் செல்லும்போது மோட்டரை ஓடவிட்டு, ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிச் விழுந்தும் மோட்டர் நிற்காவிட்டால், அது வேறு வழியாக இணைக்கப்பட்டிருக்கிறது. எனினும், அந்தப் பொத்தான் சுவிச்சின் பொறிமுறையை மட்டுமே சோதிக்கிறது. எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு, நல்லதா என்பதை அது காட்டாது.

டெஸ்டரைச் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் பரிசோதனை ஆகாது. தகுதியுள்ள எலக்ட்ரீசியன் ஒருவர், இணைப்பைத் துண்டித்து மெகர் மீற்றரால் 500 வோல்ற்றில் வயர்களின் காப்பை (மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறையின் தடையை) அளந்து (1 மெகாஓமுக்குக் குறையலாகாது), எர்த் தடையையும் ட்ரிப் சுவிச் விழும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்ட கடதாசியைத் தரவேண்டும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் மேலோட்டமாக உள்ள காணிகளில் எர்த் கம்பி ஆழம் போகாமல் நின்றிருக்கக்கூடும் என்பதாலும், மண் காய்ந்தால் தடை கூடும் என்பதாலும், மாரியில் எடுத்த அளவைவிடக் கோடையில் எடுத்த அளவே நம்பத்தக்கது.

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியார் வாடகை வீடுகளின் மின்னமைப்பைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அவ்விதி கொக்குவில் வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் லண்டனிலுள்ள உரிமையாளரிடம் தரகரைத் தவிர்த்து நேரே பேசும்போது இதை எடுத்துச் சொல்லலாம். வயரிங், எர்த், மோட்டர் ஆகியவற்றின் திருத்தச் செலவு அவருடையது, பல்ப் போன்ற சில்லறைச் செலவு உங்களுடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவித்து, பரிசோதனைக் கடதாசியின் பிரதியையும் அதனுடன் இணைத்துக்கொள்ளுங்கள்.