பூண்டு ஆறு கேள்விக்குறி ஆன கதை – கணினி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூண்டு விவசாயிகள் குழுவின் உறுப்பினர் பட்டியலை எக்செலில் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன். பெயர், ஊர், பட்டா எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கிறது. கீழே ஒரு அலுவலகத்தில் சி.எஸ்.வி.யாகத்தான் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வேண்டும் என்றார்கள், அப்படியே சேமித்து பென் டிரைவில் கொடுத்து அனுப்பினேன். அங்கே திறந்தால் வெறும் கேள்விக்குறியாம். "பென் டிரைவ்ல வைரஸ்ம்மா, திரும்ப அடிச்சுக் கொண்டு வாங்க" என்கிறார்கள். எல்லாவற்றையும் மறுபடி அடிக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: அடிக்க வேண்டாம் அம்மா. வைரஸையும் விட்டுவிடுங்கள், அது பாவம். பென் டிரைவ் எழுத்தைத் தொடவே தொடாது. பூம்பாறை பஸ்ஸில் ஏற்றிய மூட்டை கொடைக்கானலில் அப்படியே இறங்குவது மாதிரி, கொடுத்த பைட்டை, அதாவது கணினி எழுத்தைக் குறித்து வைக்கும் எண்களை, கொண்டுபோய் இறக்கும், அவ்வளவுதான். கெட்டது மூட்டை கட்டிய இடத்தில், அதாவது நீங்கள் 'சேவ் அஸ்' கொடுத்தபோது.

எக்செலின் சேமிக்கும் பட்டியலில் சி.எஸ்.வி. ஒன்றுக்கு மேல் இருக்கும். வெறுமனே 'கமா டீலிமிட்டட்' என்று இருப்பதை எடுத்தால் அது எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்த விண்டோஸின் பழைய அட்டவணையில் எழுதும். அதில் மொத்தமே 256 இடம், தமிழுக்கு அதில் ஒன்றுகூடக் கிடையாது. இடம் இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு எக்செல் பாட்டுக்குப் போய்விடும். 'பூண்டு' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ ப, ஊகாரக் குறி, ண, புள்ளி, ட, உகாரக் குறி என்று ஆறு. அந்தக் கோப்பில் எண்ணிப் பாருங்கள், பூண்டு இருந்த இடத்தில் சரியாக ஆறு கேள்விக்குறி நிற்கும். உங்கள் பட்டியலில் பாண்டி என்று ஒருவர் இருந்தால் அவருக்கும் அதே ஆறுதான், அதனால் எது பூண்டு, யார் பாண்டி என்று இனி எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. கேள்விக்குறி ஆன கோப்பு செத்த கோப்பு, அழித்துவிடுங்கள்.

ஆனால் அசல் எக்செல் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும் இல்லையா? அதைத் திறந்து, சேமிக்கும் பட்டியலில் 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். யூ.டி.எஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் இடம் உள்ள எழுத்து முறை. கொஞ்சம் புதிய எக்செல் எல்லாவற்றிலும் இருக்கிறது. உங்களுடையதில் இல்லை என்றால் பட்டியலை கூகுள் ஷீட்டில் ஏற்றி அங்கிருந்து சி.எஸ்.வி.யாக இறக்குங்கள், அது யூ.டி.எஃப்-8இல்தான் தரும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். எக்செல் இப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை முத்திரை மாதிரி வைக்கும். இன்னொரு எக்செலுக்கு அது நல்ல அடையாளம், இரட்டைச் சொடுக்கில் தமிழாகவே திறந்துவிடும். சில மென்பொருளுக்கு அது பிடிக்காது, முதல் நெடுவரிசையின் தலைப்பை மட்டும் 'தெரியவில்லை' என்று தள்ளும். அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் இதுதான் காரணம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் கணக்கு எண்: சி.எஸ்.வி.யை எக்செலில் திறந்தால் எண்ணுக்கு முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கத்தைப் பூஜ்யம் ஆக்கிவிடும். தமிழைக் காப்பாற்றிவிட்டு மானியப் பணத்தைக் கோட்டைவிடக் கூடாது பாருங்கள்.

கேள்வி: சார், கூகுள் ஷீட்டிலிருந்து இறக்கிய சி.எஸ்.வி.யை எக்செலில் திறந்தேன். கேள்விக்குறி வரவில்லை, ஆனால் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', நடுநடுவே என்னென்னவோ. கொஞ்ச நேரம் ஃபான்ட் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு சேமித்தும்விட்டேன். போச்சா?
– கல்லூரி மாணவர், மன்னவனூர்

பதில்: கூகுள் ஷீட்டில் அசல் அப்படியே இருக்கிறதே தம்பி, மறுபடி இறக்கினால் முடிந்தது. ஆனாலும் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை அசல் கையில் இருக்காது.

இது பூம்பாறை அம்மாவுக்கு நடந்ததற்கு நேர் எதிர். அங்கே எழுதியது தப்பு, இங்கே படித்தது தப்பு. யூ.டி.எஃப்-8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். எக்செல் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் பழைய அட்டவணையில் தேடியது. அதில் 224க்கு எதிரே தலையில் கோடு போட்ட 'ஏ', 174க்கு எதிரே வட்டத்துக்குள் 'ஆர்'. அந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகிறதே, அது தமிழின் கைரேகை. பார்த்தால் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள், எழுத்து உள்ளே உயிரோடு இருக்கிறது. ஃபான்ட் மாற்றினால் மட்டும் ஒன்றும் ஆகாது.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று, அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்: சேமித்தது. அதே பழைய அட்டவணையில் திருப்பி எழுதியிருந்தால் அதிர்ஷ்டம், நோட்பேடில் திறந்தால் தமிழ் தெரியலாம். யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்திருந்தால் குப்பைக்கு மேல் ஒரு குப்பை. அதையும் திருப்பலாம்தான், ஆனால் நம் புள்ளி இருக்கிறதே, அதன் மூன்று பைட் 224, 175, 141. அந்தப் பழைய அட்டவணையில் 141ஆம் இடம் காலி! சில மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், மீட்டுக் கொண்டுவந்தால் மற்ற எழுத்து பெரும்பாலும் வரும், புள்ளி உடைந்திருக்கும். உகாரக் குறி, தமிழ் ஏ, ஐ மூன்றுக்கும் இதே கதி.

சரியான வழி இதுதான். சி.எஸ்.வி.யை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். காலி எக்செலைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' போய், கோப்பைக் காட்டி, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூ.டி.எஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் தமிழ் தெரிந்த பிறகு ஏற்றுங்கள். (யூ.டி.எஃப்-8 பிறந்ததே 1992இல் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில். கணினி அறிஞர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பிடப் போன இடத்தில் வரைந்தது. எக்செல் இன்னும் தானாகக் கண்டுபிடிக்க மறுக்கிறது, என்ன செய்ய.)

கேள்வி: கோயில் கமிட்டியின் பழைய கடிதங்கள் ஒரு சி.டி.யில் கிடைத்தன. திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. இதுவும் அதே நோய்தானா?
– தாண்டிக்குடி வாசகர்

பதில்: இல்லை ஐயா, இது நோயே இல்லை. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தையே அடித்து, ஃபான்ட்டில் மட்டும் தமிழ் உருவம் காட்டினார்கள். ஃபான்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். பாமினி ஃபான்ட்டைப் போட்டால் படிக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தாமல் என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றி மென்பொருளில் கொடுத்து, உலக மொழி எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றி வைத்துவிடுங்கள். பாமினி இல்லையென்றால் டிஸ்கி, டாப், டாம், வானவில் என்று மற்ற பழைய முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்து, 2010இல் யூனிகோடுக்கு வந்தது, அதனால் அரசுக் கடிதம் என்றால் அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பார்த்தே தீர வேண்டும். மூஞ்சிக்கல்லில் டி.டி.பி. கடை வைத்திருந்தபோது பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை இப்படி மாற்றினேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எட். என்று உண்மையான ஆங்கிலத்தில் இருந்தது, மாற்றிக்கு அது தெரியுமா? அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிட்டது. படித்த மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பெண்ணின் தாய்மாமா பார்த்துவிட்டார்.

கேள்வி: நண்பரின் பழைய மேக்கிலிருந்து படங்களை விண்டோஸுக்கு எடுத்தேன். 'கொடைக்கானல்' என்று பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, அதையே அடித்துத் தேடினால் கிடைக்கவில்லை. பேயா?
– பண்ணைக்காடு வாசகர்

பதில்: பேய் 'கொ'வில் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடில் இரண்டும் சரி, திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய மேக் வட்டு, கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸில் நீங்கள் அடிப்பது சேர்ந்த 'கொ', அதனால் இரண்டும் பொருந்தாது. முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு '*கானல்' என்று மட்டும் தேடுங்கள், அதில் பிரிக்க ஒன்றும் இல்லை, கிடைத்துவிடும். கிடைத்ததும் பெயரை விண்டோஸிலேயே புதிதாக அடித்து மாற்றிவிடுங்கள்.