கொறங்காட்டுக்குப் பார்டர் கோலி எதற்கு?

கேள்வி: ஐயா, தாராபுரம் பக்கம் எங்களுக்கு 8 ஏக்கர் கொறங்காடு (உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்), 45 மேச்சேரி ஆடு. வீடியோவில் ஆடு மடக்குவதைப் பார்த்துப் பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாயின் குட்டி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும், சாதுவான நாய் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது 10 மாதம். ஆட்டுக்குட்டிகளின் பின்னங்காலைக் கவ்வுகிறது, பைக் சக்கரத்தைத் துரத்துகிறது. கட்டினால் ராத்திரியெல்லாம் குரைக்கிறது. வளர்ந்தால் அடங்குமா?

பதில்: தானாக அடங்காது தம்பி. குறிவைப்பது, பதுங்குவது, துரத்துவது, கொல்வது என்பது ஓநாயின் வேட்டை. கடைசியை மட்டும் மழுக்கிவிட்டு மற்ற மூன்றையும் கூர்தீட்டி வளர்த்த இனம் இது. இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் 1893-இல் பிறந்த ஹெம்ப் என்ற கடுவனின் வழிதான் இன்றுள்ள கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே. வேலியில்லாத மலையில் விசிலுக்கு ஓடி ஆடு மடக்கப் பிறந்தது, வேலை இல்லாவிட்டால் பைக்கை மடக்கும். சாது என்று விற்றவர் குட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, கல்லாவைப் பற்றிச் சொன்னார். நாளைக்கு இணை சேர்க்கக் கேட்டும் வருவார், கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கொறங்காட்டில் நாய்க்கு மடக்க என்ன இருக்கிறது? கிளுவை வேலிதான் உங்கள் மேய்ப்பன். படலைத் திறந்தால் ஆடு தானே போகிறது. உங்களுக்குப் பயம் ராத்திரி பட்டிக்குள் பாயும் தெருநாய்க் கூட்டம். அதற்குக் காவல் நாய் வேண்டும். கோம்பையோ நல்ல நாட்டு நாயோ, கண் திறந்த சில வாரங்களிலேயே பட்டியில் ஆட்டோடு விட்டு வளர்க்க வேண்டும். சிப்பிப்பாறை வேண்டாம், அது முயல் துரத்துகிற நாய்.

இருப்பதை விரட்டிவிடாதீர்கள். காலை வெயிலுக்கு முன்னும் பொழுது சாய்ந்தும் நீளக் கயிற்றில் ஓட்டம், 'படு' என்றால் படுக்கப் பழக்கம். அதுவரை ஆட்டுக்குள் தனியாக விடக்கூடாது. வெயிலென்று மழித்துவிடவும் வேண்டாம். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், நேரமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த நாயானாலும் நான் விடாமல் கேட்பது ஒன்று: குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள்? ஆட்டுக்குத் தவறாமல் ஊற்றுவார்கள், நாயை மறந்துவிடுவார்கள். கிடா வெட்டினால் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு வீசுவார்கள். ஆட்டு மூளையிலிருக்கும் நீர்க்கட்டி நாய்க்குள் நாடாப்புழுவாகிறது. நாய் கழிந்த இடத்தில் மேயும் ஆட்டுக்குள் புழுமுட்டை போய், அதன் மூளையில் மறுபடி கட்டியாகிறது. பிறகு ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும், நீங்கள் காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போவீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல் மாத்திரை, எடைக்குத் தக்கபடி, மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆட்டுக்கு வாங்கின ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை மிச்சம் பிடிக்க நாய்க்கு ஊசி போட்டுவிடாதீர்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றில் அந்த மருந்து மூளைக்கே ஏறிக் கொன்றுவிடும். மருந்துக்கடைக்காரர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. போடவில்லை என்றால் நாளைக் காலையே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.