குடியும் ரம்மியும் சேர்ந்திருந்தால் எதற்கு முதலில் வைத்தியம்?

அண்ணன் தினமும் குடிக்கிறார், ராத்திரி முழுக்கப் போனில் ரம்மி ஆடிக் கடனாளி ஆகிவிட்டார், முதலில் எதை நிறுத்த வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகர், மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரை அளவெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். என் பதில்: இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். ஆனால் முதல் ஒரு வாரம் மட்டும் குடிக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் ரம்மியைத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், தினமும் குடித்த உடம்பில் சரக்கைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம்.

இதை நிறைய வீடுகளில் நம்புவதில்லை. மாலை போட்டுக்கொண்டு அன்றோடு குடியை நிறுத்தியவருக்கு மறுநாளே வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடிவருவதை எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு. இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஜன்னி மாதிரி ஒரு நிலை, இல்லாத ஆட்களோடு பேசுவார்கள், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். அதனால் அறையில் போட்டுப் பூட்டி வைத்துத் திருத்துகிறேன் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். அப்புறம், தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுங்கள் என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நாள்பட்டுக் குடித்தவருக்கு முதலில் தயாமின், அதாவது பி1 வைட்டமின், போட வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஒரு வாரம் முடிந்ததும்தான் கோட்டை விடுகிறார்கள். முகத்தில் களை வந்துவிடும், நன்றாகச் சாப்பிடுவார், வீட்டில் எல்லோரும் ஆள் தேறிவிட்டார் என்று நிம்மதியாக இருப்பார்கள், அவரோ கட்டிலில் போர்வைக்குள் போனை வைத்து ஆடிக்கொண்டிருப்பார். குடிக்கு வாடை உண்டு, சூதாட்டத்துக்கு எந்த வாடையும் கிடையாது. அட்மிஷன் போடும்போது அதைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். குடி போன சாயங்காலங்கள் வெறுமையாக இருக்கும், தூக்கம் சரியாக வராது, கடன் ஞாபகம் தெளிவாக வந்து உட்காரும், அப்போது ரம்மி இன்னும் கூடும். தோற்றதும் துக்கத்துக்குக் குடி, ஜெயித்தால் கொண்டாட்டத்துக்குக் குடி, குடித்தால் பிரேக் இல்லாமல் பெரிய டேபிளில் உட்கார்வது. ஒன்றை மட்டும் பார்த்து அனுப்பினால் மற்றது அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இது அபூர்வமான ஜோடியும் இல்லை. 2005இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், தீவிர சூதாட்ட நோய் உள்ளவர்களில் சுமார் 73 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிநோயும் இருந்திருக்கிறது.

அவரிடம் எப்படிக் கேட்பது? "சூதாடுவியா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், அவர் கணக்கில் அது கேம். நாங்கள் கேட்பது வேறு மாதிரி: விட்டதைப் பிடிக்க மறுபடி உட்கார்ந்ததுண்டா, எவ்வளவு போச்சு என்று வீட்டில் பொய் சொன்னதுண்டா, வர வர பெரிய தொகை வைத்தால்தான் விறுவிறுப்பு வருகிறதா? பிறகு ஒரு வாரத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்போம், சம்பளம் வந்த நேரம், முதல் குவார்ட்டர், முதல் டெபாசிட், எது எதை இழுத்தது என்று. சிலருக்குக் குடிதான் கதவைத் திறக்கும், சிலருக்குத் தோல்வி. அது தெரிந்தால்தான் எந்த இடத்தில் தடுப்புப் போடுவது என்று அவரோடு சேர்ந்து பேச முடியும்.

அடுத்தது பணம், என் பார்வையில் சிகிச்சையில் பாதி இதுதான். அவரே ஒப்புக்கொண்டு, ஒரு காலத்துக்கு என்று பேசி, சம்பளத்தை அண்ணி கணக்குக்கு மாற்றுங்கள். போனிலிருந்து யுபிஐயை எடுத்துவிடுங்கள், கையில் அன்றாடச் செலவுக்கு மட்டும் காசு. தண்டனை மாதிரி செய்தால் ரகசியமாக வேறு வழி தேடுவார். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: அடகு நகை, கந்துவட்டி, லோன் ஆப், நண்பர்களிடம் வாங்கியது. முதல் நாள் முழுத் தொகையும் வெளியே வராது, வந்ததுபோல இருந்தாலும் பாதிதான். முக்கியமாக, அப்பாவோ நீங்களோ நிலத்தை விற்று மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். எத்தனையோ குடும்பம் பாசத்தில் இதைச் செய்து, கடன் அடைந்த மாதமே அவர் புதுக் கடனில் ஆடத் தொடங்கியதைப் பார்த்து நொந்திருக்கிறது. தவணை போட்டு, அவர் சம்பாத்தியத்திலிருந்தே கட்டட்டும்.

மருந்து பற்றி ஒரே ஒரு விஷயம். நால்ட்ரெக்சோன் என்று ஒன்று உண்டு, குடிக்கும் ஏக்கத்தைக் குறைப்பது, சூதாட்டத்துக்கும் சில மனநல மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், ஆனால் சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பவுடர், சொட்டு மருந்து விளம்பரங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் டைசல்பிராம், அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து, இருந்து அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக இறங்கி ஆபத்தாகிவிடும்.

ஆப்பெல்லாம் மூடியாச்சே, இனி பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றத்தில் சட்டம் வந்ததும் பெரிய ரம்மி ஆப்கள் பணம் கட்டும் ஆட்டத்தை நிறுத்தின, உண்மைதான். டெலிகிராமில் வரும் வெளிநாட்டு பெட்டிங் தளமும் மூணு நம்பர் லாட்டரியும் இருக்கின்றன. பங்குச்சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங் என்று கௌரவமான பெயரில் அதே விட்டதைப் பிடிக்கும் வேலையும் நடக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது.

கடன், அவமானம், போதை மூன்றும் ஒன்றாக இருக்கும் ஆளுக்குத் தற்கொலை எண்ணம் வருவது சாதாரணம். "செத்துடலாம்னு தோணுதாண்ணா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கு 14446. அண்ணன் வர மறுத்தால் நீங்களும் அண்ணியும் முதலில் போய் ஆலோசகரைப் பாருங்கள், கடன் தாளையும் எடுத்துக்கொண்டு.