முதலில் விதிப் புத்தகம், பிறகு ஆக்சில்

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் பக்கத்து வீட்டு நண்பரும் சேர்ந்து 1955 செவ்ரோலே இரண்டு கதவு கார் ஒன்றை, 1960களின் 'கேஸர்' பாணியில், அதாவது மூக்கைத் தூக்கி நிற்கும் பந்தயக் காராக, கால் மைல் நேர் ஓட்டத்துக்குத் தயார் செய்கிறோம். முன்பக்க சஸ்பென்ஷனை முந்தைய உரிமையாளரே கழற்றிப் போட்டுவிட்டார். புது ஆக்சில் கிட் வாங்கலாம் என்கிறேன் நான். பழைய ஃபோர்ட் எகோனோலைன் வேன் ஆக்சிலைத் தேடிப் பிடிக்கலாம் என்கிறார் அவர். எது போட்டால் பந்தயத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் திருப்பி அனுப்பமாட்டார்கள்?
வாசகர், டொலிடோ, ஒஹாயோ

பதில்: இரண்டுமே தேறும், இரண்டுமே திரும்பியும் வரும். ஆக்சிலின் பெயரைப் பார்த்து யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அது எங்கே, எந்த உயரத்தில், எதைக் கொண்டு மாட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அதனால் காசை எடுக்கும் முன் நீங்கள் ஓடப்போகும் குழுவின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். கூடவே இந்தப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் பொதுப் பாதுகாப்பு விதிகளையும் படியுங்கள். பழைய பாணிக் குழுக்கள், கார் அந்தக் காலத்துக் கார் போலத் தெரிய வேண்டும் என்று கேட்கும். பாதுகாப்பு விதிகளோ எதுவும் கழன்று விழக்கூடாது என்று கேட்கும். ஒன்றில் தேறிய உருப்படி இன்னொன்றில் தேறும் என்று நினைக்க வேண்டாம். முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடலாமா என்பது குழுவுக்குக் குழு மாறும். அதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளவுகள். அறுபதுகளில் கேஸர் கார்கள் ஓடிய கேஸ் வகுப்பின் விதிப்படி, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இன்றைய பழைய பாணிக் குழுக்கள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. கிராங்க் புல்லி போல்டின் நடுவிலிருந்து தரைக்கு நாடாவை இறக்கினால் தெரிந்துவிடும். பம்பர் வானத்தைப் பார்க்கிறதா என்பது இங்கே கணக்கில்லை, எஞ்சின் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே பட்டை ஸ்பிரிங்கின் வளைவு, ஆக்சிலின் வளைவு, முன் டயரின் விட்டம் மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் ஆக்சில் வாங்க வேண்டும். அளக்கும்போது எஞ்சின், ரேடியேட்டர், கார் ஓட்டுபவரின் எடை எல்லாம் ஏறியிருக்க வேண்டும். எஞ்சின் இல்லாத ஃப்ரேமில் அளந்தால் ஸ்பிரிங் அமுங்காமல் நிற்கும், அந்த அளவு எதற்கும் உதவாது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. அதே பழைய விதியில் எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் வீல்பேஸில் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தில்) பத்து சதவீதத்துக்குள். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து முதல் ஸ்பார்க் பிளக் வரை அளப்பார்கள். உங்கள் செவ்ரோலேயின் வீல்பேஸ் 115 அங்குலம், அப்படியானால் அனுமதி 11.5 அங்குலம். ஆக்சிலை மாட்டும்போது ஆயில் பான் இடிக்கிறது என்று ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினீர்கள் என்று வையுங்கள். எஞ்சினைத் தொடாமலேயே அது ஓர் அங்குலம் பின்னால் போனதாகிவிடும். அனுமதியோ பத்தில் ஒரு அங்குலம்தான் கூடும். வீல்பேஸ் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்படக்கூடாது என்பதும் என்.எச்.ஆர்.ஏ. விதி. ஸ்பிரிங் பிராக்கெட்டுகளை வெல்டு வைக்கும் முன் நான்கு சக்கர மையங்களுக்கும் குறுக்கு அளவு எடுத்துவிடுங்கள்.

உங்கள் வாக்குவாதத்துக்கு வருகிறேன். எகோனோலைன் ஆக்சில் நல்ல உருப்படி. 1961-லிருந்து 1967 வரை வந்த அந்த வேன்களில் முன்னால் ஒரே கட்டையான ஐ-பீம் ஆக்சில், இருபுறமும் பட்டை ஸ்பிரிங். சரக்கு சுமக்கச் செய்தது என்பதால் பலத்துக்குக் குறையில்லை. அந்தக் காலத்துப் பையன்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து இதைத்தான் தூக்கி வந்தார்கள். உங்கள் நண்பர் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் வயது அறுபதைத் தொட்டுவிட்டது. கிங்பின் (முன் சக்கரம் திரும்புவதற்கான முளை) உட்காரும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது பின்னும் புது புஷ்ஷும் போட்டாலும் ஆட்டம் நிற்காது. வீல் போல்ட் இடைவெளியும் செவ்ரோலேயோடு ஒத்துப்போகாது. வாங்குவதென்றால் காந்த முறையில் விரிசல் சோதனை செய்து, கட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். அந்தச் செலவையும் கூட்டினால் புது கிட்டின் விலை அவ்வளவு தூரத்தில் இருக்காது. என்னைக் கேட்டால், இந்த காருக்குப் புது ஆக்சில், புது ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சு), புது கிங்பின். கிட் வாங்கும்போது ஃபோர்ஜ் செய்ததா (அடித்து உருவாக்கியதா), வார்ப்பா என்று கேளுங்கள். முன் சக்கரங்கள் தூக்கி மறுபடி தரையில் விழும் காருக்கு ஃபோர்ஜ் செய்தது அல்லது கனமான குழாயில் செய்ததுதான் என் தேர்வு.

ஆக்சிலை விட ஸ்டியரிங்குக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸ் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்து, பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்க் நீளவாக்கில் முன்னோக்கி வந்தால், பட்டை ஸ்பிரிங்கின் அசையாத முனையும் பின்னால் இருக்க வேண்டும், ஸ்பிரிங் நீள இடம் தரும் அசையும் இணைப்பான ஷேக்கிள் முன்னால் வர வேண்டும். அப்போதுதான் ஆக்சில் மேலும் கீழும் போகிற வளைவும் டிராக் லிங்க் போகிற வளைவும் ஒரே பக்கம் திரும்பும். மாற்றி மாட்டினால் மூக்கு தூக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் திரும்பும், இறங்கும்போது மறுபக்கம் திரும்பும். மணிக்கு 100 மைலைத் தாண்டும் காரில் அது உயிர் விஷயம்.

இதைக் கொட்டகையிலேயே சோதிக்கலாம். ஃப்ரேமை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்றப் பட்டைகளைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் வீலைக் கயிற்றால் அசையாமல் கட்டுங்கள். ஜாக்கியால் ஆக்சிலை மூன்று அங்குலம் ஏற்றுங்கள், மூன்று அங்குலம் இறக்குங்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் டிரம்மின் விளிம்பையே பார்க்கட்டும். விளிம்பு உள்ளேயோ வெளியேயோ நகர்ந்தால் டிராக் லிங்க்கின் பின்முனையை ஏற்றியோ இறக்கியோ மறுபடி பாருங்கள். அசையாமல் நிற்கும் இடம் கிடைக்கும் வரை விடாதீர்கள். பாக்ஸ் பிராக்கெட்டை அதற்கு அப்புறம்தான் முழுதாக வெல்டு வைக்க வேண்டும்.

ராடு எண்டு (கம்பி முனையில் வரும் உருண்டை பேரிங் மூட்டு) போடுகிற இடமெல்லாம் அகலமான வாஷர் கட்டாயம். உள்ளே பேரிங் பிடுங்கிக்கொண்டாலும் ராடு கழன்று விழாமல் அந்த வாஷர் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். காசில் நட் எல்லாவற்றிலும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டும். யூ போல்டைக் கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். ஸ்பிரிங் உள்ள ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேலை செய்கிற ஷாக் அப்சார்பர் ஒன்று வேண்டும், வெறும் ஷாக் தொங்கினால் போதாது. கேஸ்டரை, அதாவது கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணத்தை, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஏழு டிகிரி அளவில் தொடங்குங்கள். கார் ஓடும் நிலையில் நிற்கும்போது அளக்க வேண்டும், முன்பக்கம் எவ்வளவு தூக்கி நிற்கிறதோ அது கேஸ்டரையும் மாற்றும்.

கேள்வி: அந்தக் கார்களின் மூக்கை ஏன் அப்படித் தூக்கினார்கள்? காற்று தடுக்காதா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தடுக்கும்தான். ஆனால் அன்றைய டயர் ரப்பர் தார் தளத்தைப் பிடிக்கவில்லை, கிளம்பும்போது பின் சக்கரங்கள் வீணாகச் சுழன்றன. பாரத்தைப் பின்னுக்குத் தள்ள வழி தேடினார்கள். கார் முன்னே பாயும்போது பின்னுக்குப் போகும் பாரம், எடையை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால் வருவது, முடுக்கம் ஒரு ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்) என்றால். மேலே சொன்ன செவ்ரோலே 1,400 கிலோ, மைய உயரம் 60 செ.மீ., வீல்பேஸ் 292 செ.மீ. என்று வைத்தால் சுமார் 288 கிலோ பின்னால் போகிறது. மையத்தை 70 செ.மீ.க்கு ஏற்றினால் 336 கிலோ. ஏறத்தாழ 48 கிலோ லாபம், அன்றைக்கு அது வெற்றி தோல்வியைத் தீர்க்கும் எடை. முன்பக்கத்தை மட்டும் 10 செ.மீ. தூக்கினால் மையம் முழுதாக 10 செ.மீ. ஏறாது, அதனால் நிஜ லாபம் இதைவிடக் குறைவு. ஆனால் உயரம் எல்லை மீறினால் கார் நிலையிழக்கும். 24 அங்குல வரம்பு அதைக் கட்டிப்போடுகிறது. இன்றைய ஸ்லிக் டயருக்கு (பள்ளக் கோடுகள் இல்லாத பந்தய டயர்) அந்த உயரமே தேவையில்லை. இப்போது அது அந்தக் காலத்தின் அழகுக்காக வைப்பது, அந்த அழகு எனக்கும் பிடிக்கும்.

கேள்வி: பழைய ஆக்சில், ஸ்டியரிங் ஆர்ம், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் குரோம் பூச ஆசை. பூசலாமா?
வாசகர், டொராண்டோ

பதில்: ஸ்பிரிங்குக்கு வேண்டவே வேண்டாம். குரோம் பூசும் அமிலக் குளியலில் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். கடினமான எஃகு அதனால் நொறுங்கும் தன்மை பெறும், முன்னறிவிப்பே இல்லாமல் ஒடியும். ஸ்டியரிங் ஆர்ம், ஸ்பிண்டில், உயர் பலம் கொண்ட போல்ட் எல்லாம் இந்த வகைதான், அவற்றுக்குப் பெயிண்ட் போதும். ஆக்சிலுக்குக் கட்டாயம் பூச வேண்டுமென்றால், பூசிய சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றித் தருகிற பட்டறைக்குத்தான் கொடுங்கள். சுட்டுத் தருவோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். விரிசல் சோதனையைப் பூசுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், குரோமுக்கு அடியில் ஒளிந்த விரிசலை அப்புறம் கண்டுபிடிப்பது சிரமம்.