மைன்கிராஃப்டிலேயே இவ்வளவு இருக்கும்போது, ஏன் பலரும் மோட் (ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) போட்டு விளையாடுகிறார்கள்?

பல வருடங்களாக இந்தக் கணினி விளையாட்டின் ஜாவா பதிப்பை விளையாடுகிறேன். இன்றுவரை எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இதுதான். ஆனால் ஒரு குறை அதன் அமைப்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. வேண்டிய நேரத்தில் கிடைக்காத பொருள், வேலையெல்லாம் முடிந்த பிறகு கைக்கு வருகிறது.

பொருள்களை வைத்துக்கொள்ளும் பையைப் பாருங்கள். 2011 நவம்பரில் முழுப் பதிப்பு வந்தபோது 36 கட்டங்கள். பிறகு இடது கைக்கு ஒரு கட்டம் சேர்ந்தது, அவ்வளவுதான். கல்லில் மட்டும் கிரானைட், டயோரைட், ஆண்டிசைட், டஃப், டீப்ஸ்லேட் என்று வகைகள் பெருகிவிட்டன. சுரங்கத்தில் கொஞ்ச நேரம் வெட்டினாலே பை நிறைந்துவிடும். இதற்கு நல்ல தீர்வு ஷல்கர் பெட்டி: 27 கட்டங்கள், பொருளோடு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அது கிடைப்பது எண்ட் என்ற வேற்றுலகின் நகரங்களில், பெரும்பாலும் விளையாட்டின் இறுதி எதிரியான டிராகனைக் கொன்ற பிறகு. பறக்க உதவும் எலிட்ராவும் அங்கேதான். அது கிடைத்ததும் குதிரை லாயத்தில் நிற்கிறது, பாடுபட்டுப் போட்ட தண்டவாளம் சும்மா கிடக்கிறது. ஆரம்பத்திலேயே உதவக்கூடிய பண்டில் பை 2020-இல் அறிவிக்கப்பட்டு 2024-இல்தான் வந்தது. அதிலும் மொத்தம் 64 பொருள்கள்தான் கொள்ளும்.

அப்புறம் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டடைக்கல். ஒரே கருவியைத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்தால் கூடுதல் செலவு 1, 3, 7, 15, 31 என்று ஏறிக்கொண்டே போகும். மொத்தச் செலவு 40 அனுபவ லெவலைத் தொட்டால் 'விலை மிக அதிகம்' என்று மறுத்துவிடும். ஆசையாகப் பெயர் வைத்து வைத்திருந்த வாளாக இருந்தாலும் இதுதான் கதி. இதைத் தாண்ட, கருவி தானாகவே பழுது நீங்க வைக்கும் மெண்டிங் என்ற மந்திரம் வேண்டும். அதற்காக நூலகர் கிராமவாசியின் மேசையை உடைத்து வைத்து, உடைத்து வைத்து, அவர் அந்தப் புத்தகத்தைக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மோட்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. சொஃபிஸ்டிகேட்டட் பேக்பேக்ஸ் மோடில் தோலும் நூலும் ஒரு பெட்டியும் இருந்தால் முதல் நாளிலேயே முதுகுப்பை தயார். ஆனால் இப்படிக் குறையை அடைப்பது மட்டும்தான் காரணம் என்றால், நான் இவ்வளவு நாள் மோட்களோடு இருந்திருக்க மாட்டேன்.

என்னைக் கட்டிப்போட்டது இயந்திரங்கள் கட்ட உதவும் கிரியேட் என்ற மோட். நிறைய இரும்பு வேண்டுமென்றால் மோட் இல்லாத விளையாட்டில் என்ன செய்கிறோம்? கிராமவாசிகளை அடைத்து வைத்து, ஸோம்பியைக் காட்டிப் பயமுறுத்தி, அவர்களைக் காப்பாற்ற வரும் 'கோலெம்' என்ற இரும்பு மனிதனைக் கொன்று இரும்பை எடுக்கிறோம். கிரியேட்டில் எரிமலைக் குழம்பும் தண்ணீரும் சேருமிடத்தில் கல் உருவாகும். துளைக்கும் கருவி அதை வெட்டும், அரைக்கும் சக்கரங்கள் ஜல்லியாக்கும், தண்ணீர் வழியே காற்றடிக்கும் விசிறி ஜல்லியை அலசி இரும்புத் துணுக்குகளைப் பிரித்துத் தரும். அத்தனையையும் ஓட்ட ஓடையில் சுற்றும் சக்கரங்கள். சக்தி போதாமல் எல்லாம் நின்றுபோகும்போது எங்கே பிசகு என்று ஒவ்வொரு பல்சக்கரமாகத் தேடி, மறுபடி சுழல வைக்கும் அந்த நிமிடத்துக்காகவே இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

மோட் போட்டால் உண்மையான மைன்கிராஃப்ட் இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் பிஸ்டன் முதலில் ஒரு ரசிகர் செய்த மோட். 2011-இல் விளையாட்டுக்குள் வந்தது. 2013-இல் வந்த குதிரைகளுக்கு மோ கிரீச்சர்ஸ் மோடைச் செய்தவரே உதவினார்.

நீங்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், ஒருமுறை மோட் இல்லாமல் டிராகன்வரை போய்ப் பாருங்கள். பிறகு விளையாட்டின் வேகத்தைக் கூட்டும் சோடியம் மோடைப் போட்டால் பழைய கணினியிலும் நன்றாக ஓடும். கிரியேட்டை அதற்கடுத்து, புது உலகத்தில் தொடங்குங்கள். மோட் எந்தப் பதிப்புக்கு என்று பார்த்துப் போடுங்கள். பழைய உலகத்தில்தான் போடுவேன் என்றால் முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.