கிரவுன் ஆயில் மாற்றும்போது முதலில் திறக்க வேண்டிய பிளக் எது?

கேள்வி: பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின்பக்க டிஃபரென்ஷியலில் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருக்கும் ஆயிலை, அதாவது கிரவுன் ஆயிலை, முன்பு வைத்திருந்தவர் எப்போதாவது மாற்றினாரா என்று தெரியவில்லை. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்படியே விட்டுவிடலாமா? மாற்றத்தான் வேண்டும் என்றால் நானே செய்யலாமா?

பதில்: விடாதீர்கள், மாற்றிவிடுங்கள். நீங்களே தாராளமாகச் செய்யலாம். ஒழுகவில்லை என்பதால் உள்ளே ஆயில் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எப்போதோ ஒழுகி, ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) மட்டும் மாற்றிவிட்டு ஆயிலைக் குறைவாக ஊற்றி விட்டிருக்கலாம், அல்லது அளவு சரியாகவே இருந்து அதில் தண்ணீர் கலந்திருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு டிப்ஸ்டிக்கும் கிடையாது, டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. திறந்து பார்த்தால்தான் உண்டு.

இந்த ஆயில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உள்ளே இருக்கும் பினியன் என்ற சிறிய பல்சக்கரம், அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளி அமைந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றோடொன்று உருள்வதோடு நிற்காமல் வழுக்கித் தேய்த்துக்கொண்டே ஓடும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் தாங்காது, அறுந்துவிடும். அதற்காகத்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த ஜிஎல்-5 ரக கியர் ஆயிலைக் கேட்கிறார்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தால் வருவது, கெட்டுப்போனதால் அல்ல. கருகிய வாடை அடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எந்த கிரேடு என்பதை வண்டியின் கையேடு சொல்வதுபோலவே வாங்குங்கள். 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 இரண்டும் பரவலானவை, பாரம் இழுக்கும் வண்டிகள் சிலவற்றுக்கு 75டபிள்யூ-140 சொல்லியிருப்பார்கள். 90 என்றதும் தார் மாதிரி இருக்குமோ என்று நினைக்க வேண்டாம், கியர் ஆயிலுக்கு அளவுகோலே தனி, சூடான நிலையில் அது இன்ஜின் ஆயிலில் 40, 50 என்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கெட்டிதான். இன்னொன்று: உங்கள் வண்டியில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) இருக்கிறதா என்று கையேட்டிலோ ஹவுசிங்கில், அதாவது டிஃபரென்ஷியலின் வெளிக்கூட்டில், உள்ள தகட்டிலோ பாருங்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் உள்ள வகையாக இருந்தால், அதற்கென்று சொல்லப்பட்ட ஆயிலோ சேர்மானமோ வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் தடதடவென்று அதிரும்.

சரி, வேலைக்கு வருவோம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள், ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து சீக்கிரம் வடியும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிக்கப் என்பதால் தூக்காமலே அடியில் நுழைய இடமிருக்கும், அப்படியே செய்வதுதான் நல்லது. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் மட்டம் தப்பாகக் காட்டும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் சமமாக ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

இனி, மறக்கக் கூடாதது: முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைத் திறங்கள். கீழே உள்ள டிரெயின் பிளக்கை முதலில் திறந்து ஆயில் முழுவதையும் வடித்துவிட்டு, அப்புறம் மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் புது ஆயிலை ஊற்ற வழியில்லை, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். திறப்பதற்கு முன் பிளக்கைச் சுற்றி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் மண் நேராக உள்ளே விழும். இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். சரியாகப் பொருந்தாத ஸ்பேனரை வைத்து முக்கி, தலையை வழுக்க விட்டுவிடாதீர்கள்.

மேல் பிளக் வந்ததும் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் தொட வேண்டும்.

அப்புறம் டிரெயின் பிளக். இங்கே அவசரப்படாமல் நிதானமாகப் பாருங்கள், வண்டியின் கதை இங்கேதான் தெரியும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை போல நுண்ணிய இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடுங்கள். விரலில் நெருடும் சில்லுகளோ பல் உடைந்த துண்டோ கிடந்தால் ஆயில் மாற்றுவதோடு விஷயம் முடியாது, பிரித்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் வெள்ளத்தில் இறங்கி சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (உள்ளிருக்கும் காற்று வந்துபோகும் சிறு துளை) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படி இருந்தால் புது ஆயில் ஊற்றி சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் ஒருமுறை வடித்துவிடுங்கள்.

சில ஆக்சில்களில் டிரெயின் பிளக்கே இருக்காது. பின்மூடியைத்தான் கழற்ற வேண்டும், மற்ற போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு மேல் போல்ட் ஒன்றை மட்டும் கழற்றாமல் தளர்த்தி விட்டுவைத்தால் மூடி முழுதாக விழாமல் ஆயில் அடியில் வடியும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, இரு முகப்பையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துவிட்டு, புது கேஸ்கெட்டோ சிலிகானோ போடுங்கள். சிலிகான் என்றால் டியூபில் சொன்ன நேரம் காயவிட்டு அப்புறம் ஆயில் ஊற்றுங்கள். மேல் துளை வழியாக உறிஞ்சி எடுப்பவர்களும் உண்டு, ஆனால் அடியில் படிந்த கசடு அப்படியே தங்கிவிடும். உங்கள் வண்டிக்கு இதுவரை மாற்றினார்களா என்றே தெரியாததால் மூடியைக் கழற்றுவதையே சொல்வேன்.

டிரெயின் பிளக்கைப் புது வாஷரோடு, கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்குங்கள். கைப்பம்பால் மேல் துளை வழியாக ஊற்றி, வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, வழிவது நின்றதும் மூடுங்கள். உள்ளே போன அளவு கையேட்டு அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் ஊற்றினால் நுரைத்து பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ வெளியே தள்ளும். பிரீதரில் மண் அடைத்திருந்தாலும் இதே கதைதான். உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல ஆயில் சீலைக்கூட ஒழுகவைத்து, பிரேக் ஷூவரை எண்ணெய் போய்விடும். ஆகவே கையோடு அதையும் சுத்தம் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பிளக்கும் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் முன்பு வந்து, இப்போதும் மாறாமல் வருகிறது என்றால் கிரவுனோ பினியனோ பேரிங்கோ ஏற்கெனவே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றி அதை மறைக்கப் பார்க்காமல், டிஃபரென்ஷியல் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.