ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் ஜன்னல் லேயரை அணைத்தும் கண்ணாடிக் கோடு நிற்கிறதா?

அந்த லேயரை (கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்கை) ஆஃப் செய்யாமல் ஃப்ரீஸ் செய்யுங்கள், கண்ணாடியும் சேர்ந்தே மறையும்.

கோத்தகிரிச் சரிவு வீட்டு பிளானில் ஜன்னல் லேயரை அணைத்தால் சட்டம் மட்டும் போய்க் கண்ணாடிக் கோடு நிற்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஜன்னலை பிளாக் (கோடுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே பொருள்) செய்தபோதே சட்டம் லேயர் 0-விலும் கண்ணாடி வேறு லேயரிலும் இருந்திருக்கும். 0-வில் இருப்பது பிளாக்கைச் செருகிய லேயரோடு போகும், மற்றது தன் லேயரைத்தான் கேட்கும். ஆட்டோகேட்டில் ஃப்ரீஸுக்கு மட்டும் இந்தப் பாகுபாடு கிடையாது, முழு பிளாக்கும் மறைந்துவிடும்.

சரிபார்க்க, பிஎடிட் (BEDIT) கட்டளை கொடுத்து பிளாக்கைத் திறந்து, கண்ணாடிக் கோட்டைத் தொட்டு, பிராப்பர்ட்டீஸில் லேயர் பெயரைப் பாருங்கள். வேறு பெயர் இருந்தால் 0-வுக்கு மாற்றி, நிறத்தை பைலேயர் (லேயரின் நிறத்தையே எடுப்பது) ஆக்கிச் சேமியுங்கள்; பிளானில் அந்த பிளாக் உள்ள எல்லா ஜன்னலும் ஒரே தடவையில் திருந்தும். பிளாக்கைத் தனித்தனிக் கோடுகளாக உடைக்கும் எக்ஸ்ப்ளோட் மட்டும் வேண்டாம். குன்னூர் பங்களா ஒன்றுக்கு அப்படி உடைத்துவிட்டு, கோடு கோடாகத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு மழைநாள் முழுக்கப் போனது.

கண்ணாடி மெல்லிய கோடாக அச்சாக வேண்டுமென்றே தனி லேயரில் வைத்திருந்தால் 0-வுக்கு மாற்றாதீர்கள், ஃப்ரீஸே போதும். அப்புறம், நடப்பு லேயரை, அதாவது இப்போது வரைந்துகொண்டிருக்கும் லேயரை, ஃப்ரீஸ் செய்ய விடாது. ஜன்னல் லேயர்தான் நடப்பு என்றால் முதலில் தடுப்புச் சுவர் போன்ற வேறு லேயருக்கு மாறிக்கொள்ளுங்கள்.